சுயநீதி சேராமல் ஆத்தும சோதனை செய்வது எப்படி?

லூக்கா 18-ஆம் அதிகாரத்தில் ஜெபிக்கிற பரிசேயன், அதாவது மதச் சட்டத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்த யூதப் பிரிவைச் சேர்ந்தவர், பொய் பேசியதாக எங்கும் எழுதியில்லை. மோசேயின் சட்டம் கட்டாயமாக்கியது வருடத்தில் ஒரே ஒரு நாள் உபவாசம், பாவநிவாரண நாளன்று. அவர் வாரத்துக்கு இரண்டு நாள் இருந்தார். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தைக் கணக்குப் பார்த்துச் செலுத்தினார். அப்படியும் நீதிமானாக வீடு திரும்பியது தூரத்தில் நின்ற, வரி வசூலிக்கிற ஆயக்காரன்தான். பரிசேயனின் ஜெபம் கெட்டுப்போனது 'இந்த ஆயக்காரனைப்போல' என்று சொன்ன இடத்தில். தேவனை நோக்கி நின்றவர், பக்கத்தில் நின்ற ஆளை வைத்துத் தன் உயரத்தை அளந்துகொண்டார்.

சுயநீதி, அதாவது 'நான் நீதிமான்' என்ற எண்ணம், நல்ல செயல்கள் மேல்தான் படரும். ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிறவர், ஓய்வுநாள் பள்ளி எடுப்பவர், காணிக்கைக் கவரில் குறை வைக்காதவர், லெந்து நாற்பது நாளும் இறைச்சி தொடாதவர், இவர்களுக்கே அது வரும். ஆகவே 'இன்று என்ன கெட்டது செய்தேன்?' என்று மட்டும் தேடுகிற ஆத்தும சோதனையில் அது சிக்காது. இன்று யாரை எப்படி நடத்தினேன் என்று ஆள் ஆளாகக் கேட்டால் சிக்கும். கீழே உள்ள முறை முழுக்க இதை வைத்தே அமைந்தது. கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே என எந்தச் சபையாரும் செய்யலாம். சில சொற்கள்தான் மாறும்.

நேரம், இடம், நோட்டு

இரவுச் சாப்பாடு முடிந்து, படுக்கைக்குப் போகும் முன் 15 நிமிடம். படுத்துக்கொண்டு செய்தால் பாதியில் தூக்கம் வரும், இல்லாவிட்டால் கவலை வரும். நாற்காலியில் உட்காருங்கள். ஜெபக்கூட்டம் முடிந்து வந்த சூட்டோடு செய்யாதீர்கள். பாடி, ஜெபித்து மனம் நிறைந்திருக்கும் அந்த நேரத்தில் நம் குறை நமக்குச் சிறிதாகத் தெரியும். அரை மணி நேரமாவது விடுங்கள்.

40 பக்க நோட்டு ஒன்று போதும். போனில் எழுத வேண்டாம். எழுதும்போதே வாட்ஸ்அப் செய்தி வரும், எழுதியது வேறு யார் கண்ணிலாவது படும் என்ற பயத்தில் வார்த்தையையும் மழுப்புவோம்.

பதினைந்து நிமிடத்தில் ஐந்து படி

இந்த ஐந்து படி வரிசை இயேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியாருடையது. அவருடைய ஆன்மிகப் பயிற்சிகளுக்கு 1548-இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் ஒப்புதல் தந்தார். நேரப் பங்கீடு மட்டும் நாம் வைத்துக்கொள்வது.

முதல் படி நன்றி, 2 நிமிடம். இன்று பிறர் கையிலிருந்து வந்த மூன்று நன்மைகளைச் சொல்லுங்கள். தண்ணீர் கேனை மூன்றாம் மாடிக்குத் தூக்கி வந்தவர், கூட்டமான தாம்பரம் ரயிலில் நகர்ந்து இடம் கொடுத்தவர், அலுவலகத்தில் உங்கள் பிழையைச் சத்தமில்லாமல் திருத்தியவர். இங்கே கவனம் தேவை. பரிசேயனும் 'ஸ்தோத்திரம்' என்றுதான் தொடங்கினார். நோயாளியைப் பார்த்துவிட்டு வந்து, 'நமக்கு அந்த வியாதி இல்லையே, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்' என்று சொல்வது அவர் ஜெபத்தின் மறுபதிப்பு. நன்றியில் ஒப்பீடு வந்தால் அந்த வரியை விட்டுவிட்டு வேறு நன்மையைத் தேடுங்கள்.

இரண்டாவது, வெளிச்சம் கேட்பது, 1 நிமிடம். சங்கீதம் 139-இன் கடைசி இரண்டு வசனங்களை வாய்விட்டு வாசித்தால் போதும். நம் பிழை நமக்கே தெரியாது என்று ஒப்புக்கொண்டு தொடங்குகிற படி இது. அதனால் சிறியது என்று தாண்டிப் போக வேண்டாம்.

மூன்றாவது படிக்கு 7 நிமிடம். காலை எழுந்ததிலிருந்து நாளை மறுபடி நடந்து பாருங்கள், சந்தித்த ஆட்களின் வரிசையில். பால்காரர், பிள்ளைகள், மாமியார், வாட்ச்மேன், ஆட்டோ ஓட்டுநர், மேனேஜர், கடைப் பையன், சபையில் பார்த்தவர்கள். ஒவ்வொருவரிடமும் மூன்று கேள்வி. என்ன பேசினேன்? எந்தக் குரலில் பேசினேன்? செய்ய வேண்டியதில் எதை விட்டேன்? மூன்றாவதில்தான் பக்திமான்களின் கணக்கு கூடும். கத்தோலிக்கர் திருப்பலித் தொடக்கத்தில் 'கடமையில் தவறியதாலும்' என்று நெஞ்சில் தட்டிச் சொல்வது இதைத்தான். லூக்கா 16-இல் வரும் ஐசுவரியவான் லாசருவை அடித்ததாகவோ விரட்டியதாகவோ எழுதியில்லை. வாசலில் கிடந்தவனைக் கடந்து போனார், அவ்வளவுதான்.

நோட்டில் ஒரு நாளைக்கு மூன்று வரிக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு வரியிலும் நேரம், இடம், ஆள், செயல் இருக்க வேண்டும். 'பொறுமை இழந்தேன்' என்று எழுதினால் பயனில்லை. 'மாலை 6.40, பல்லாவரம் சிக்னல், ஆட்டோக்காரரை ஒருமையில் திட்டினேன்' என்று எழுதுங்கள். 'ஆனால்' என்ற சொல் வரியில் வந்தால் அதற்கு மேல் எழுதாமல் நிறுத்துங்கள். பின்னால் வரப்போவது வழக்கறிஞர் வாதம்.

நான்காவது, அறிக்கை, 3 நிமிடம். எழுதிய வரிகளை அப்படியே தேவனிடம் வாசித்து மன்னிப்புக் கேளுங்கள். ஆயக்காரனின் ஜெபம் ஒரே வரி. உங்களுடையதும் நீள வேண்டியதில்லை. மன்னிப்பு கிருபையால் வருகிறது, இந்த நோட்டு அதற்குக் கொடுக்கும் விலை அல்ல. இந்த அடிப்படையில் கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும் 1999 அக்டோபர் 31-இல் ஆக்ஸ்பர்க் நகரில் கூட்டறிக்கையிலேயே கையெழுத்திட்டார்கள்.

ஐந்தாவது, நாளைக்கு ஒரே ஒரு செயல், 2 நிமிடம். 'இனிமேல் அன்பாக இருப்பேன்' என்பது செயல் ஆகாது. 'காலை 9 மணிக்குள் தங்கைக்குப் போன் பண்ணுவேன்' என்பது செயல்.

உங்கள் இடத்திலிருந்து கேள்விகள்

ஆலயங்களில் கிடைக்கும் ஆத்தும சோதனைத் துண்டுப்பிரசுரங்களில் கொலை, களவு, விபசாரம், பொய் என்று வரிசை இருக்கும். பக்தியுள்ளவர் ஐந்து நிமிடத்தில் 'இல்லை, இல்லை' என்று குறித்துவிட்டு எழுந்துவிடுவார். 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு தமிழாக்கிய லுத்தரின் சிறிய ஞானோபதேசம் வேறு வழி காட்டுகிறது. பத்துக் கற்பனைகளையும் உங்கள் நிலையில் வைத்துப் பாருங்கள் என்கிறது: நீங்கள் தகப்பனா, தாயா, மகனா, மகளா, எஜமானா, வேலைக்காரரா? சென்னையில் அந்த நிலைகளைப் பிரித்தால் கேள்விகள் இப்படி வரும்.

வீட்டு உரிமையாளர்: மின்வாரியத்துக்குக் கட்டுவதைவிட யூனிட்டுக்குக் கூடுதலாகக் குடித்தனக்காரரிடம் வாங்குகிறேனா? காலி செய்யும்போது அட்வான்ஸில் பெயிண்ட் செலவு என்று பிடித்தது உண்மைச் செலவுதானா?

வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்: சமையலறைக்குள் போய்ப் பாருங்கள். சிங்க் பக்கத்து ஜன்னல் விளிம்பில், மற்ற பாத்திரங்களோடு சேராமல், விளிம்பு நசுங்கிய ஒரு எவர்சில்வர் தம்ளர் தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கிறதா? அது யாருக்கு? அதே வீட்டில் மாதக் கடைசி வெள்ளி உபவாச ஜெபம் நடக்கலாம்; வந்தவர்களுக்கெல்லாம் ஒரே செட் கண்ணாடி தம்ளரில் டீ போகும். தம்ளரைப் பார்த்தபின் சம்பளத்தைப் பாருங்கள். எந்தத் தேதியில் கொடுக்கிறேன்? பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அவர் வராத நாளுக்குப் பிடித்தேனா?

சேகரக் கமிட்டியிலோ பங்குப் பேரவையிலோ இருப்பவர்: என் அணிக்காரர் செய்தபோது மூடிய கண்ணை எதிரணிக்காரர் செய்தபோது திறந்தேனா? கணக்குக் கேட்டவரை 'பிரிவினைக்காரர்' என்றேனா?

ஜெபக்குழு நடத்துபவர்: 'அந்தச் சகோதரி குடும்பத்துக்காகப் பாரத்தோடு ஜெபிக்கணும்' என்று தொடங்கி, சொல்லக் கூடாததையெல்லாம் சொன்னேனா? கிறிஸ்தவ வட்டத்தில் புறணி இந்த வாசல் வழியாகத்தான் அதிகம் நுழைகிறது. ஜெபத்துக்குப் பெயர் போதும். விவரம் தேவனுக்குத் தெரியும். ஒருவரைக் குத்துவதற்காகவே ஸ்டேட்டஸில் வசனம் போடுவதும் இதே வகை.

வேறு சபைகளைப் பற்றிய பேச்சையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'அவங்க ஆர்.சி., சுரூபம் வெச்சிருக்கிறவங்க', 'அது கைதட்டிக் கத்துற கூட்டம்', 'நகை போடுறவங்களுக்கு என்ன ரட்சிப்பு?' இந்த மூன்றும் மூன்று திசையிலிருந்து வந்தாலும் லூக்கா 18-இன் அதே வரிதான்.

இதையெல்லாம் கேட்டாலும் ஒரு வகைப் பாவம் தப்பிவிடும்: முழுச் சபையுமே பாவமாக நினைக்காதது. 1833-இல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாட்டை விட்டே ஆகவேண்டும் என்று சுற்றறிக்கை எழுதியபோது, தஞ்சாவூரிலும் இங்கே வேப்பேரியிலும் அதைக் கடுமையாக எதிர்த்தவர்கள் வேதம் வாசிக்காதவர்கள் அல்ல. ஜெபித்தவர்கள், கீர்த்தனை பாடினவர்கள். ஒரே கிண்ணத்தில் திருவிருந்து வாங்குவதுதான் அவர்களுக்கு இடறலாக இருந்தது. இன்றும் கிறிஸ்தவ வரன் விளம்பரங்களில் 'ஆர்.சி.' அல்லது 'சி.எஸ்.ஐ.' என்பதற்கு அடுத்து என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். இந்த மாதிரிப் பாவத்தைத் தனி ஆளின் மனச்சாட்சி சுட்டாது, பழகிவிட்டது. ஆகவே மாதம் ஒருமுறை வெளியிலிருந்து ஒரு கேள்வி வாங்குங்கள். உங்கள் சாதி, உங்கள் தெரு, உங்கள் வருமானம் இல்லாத ஒரு விசுவாசியிடம், 'எங்க சபைக்கு வந்தா உங்களுக்கு எது உறுத்தும்?' என்று கேட்டுவிட்டு, பதில் சொல்லாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாரம் ஒரு குறை

தினசரிச் சோதனை இரண்டு வாரம் ஓடியபின் ஒரே குறை திரும்பத் திரும்ப வருவது தெரியும். அதை மட்டும் ஒரு வாரத்துக்கு எடுங்கள். 'பெருமை' என்று எடுக்காதீர்கள். பெருமையை எண்ண முடியாது. 'மற்றவர் பேசும்போது குறுக்கிட்டுத் திருத்துவது' என்று எடுங்கள், எண்ண முடியும். இஞ்ஞாசியார் சொன்னபடி நாளுக்கு இரண்டு கோடு போடுங்கள்: மதியச் சாப்பாடு வரை ஒன்று, இரவு வரை ஒன்று. தவறும்போதெல்லாம் யாருக்கும் தெரியாமல் நெஞ்சில் கை வைத்து, பிறகு கோட்டில் புள்ளி வையுங்கள். இன்றையதை நேற்றோடும், வாரத்தைப் போன வாரத்தோடும் ஒப்பிடுங்கள். ஒப்பீடு உங்கள் புள்ளிகளுக்குள்ளேயே நிற்கட்டும்.

இங்கே கெடுவது எப்போதும் ஒரே மாதிரிதான். புள்ளி குறையும், குறைந்ததே பெருமையாகிவிடும், ஞாயிறு சாட்சி நேரத்தில், 'நான் முன்னெல்லாம் கோபக்காரன், இப்போ...' என்று தொடங்கிவிடுவோம். வார முடிவில் அந்தத் தாளைக் கிழித்துப் போடுங்கள். இந்தப் பயிற்சி செய்வதைச் சபையில் அறிவிக்கவும் வேண்டாம். மத்தேயு 6 தருமம், ஜெபம், உபவாசம் மூன்றையும் அந்தரங்கத்தில் வைக்கச் சொல்கிறது. நற்செயல்களுக்குப் புள்ளி வைக்கவே கூடாது.

திருப்பிக் கொடுத்தல், மன்னிப்புக் கேட்டல்

பணம் சம்பந்தப்பட்டிருந்தால் முதலில் கணக்கு. யூனிட்டுக்கு 2 ரூபாய் கூடுதலாக, மாதம் 150 யூனிட்டுக்கு, 12 மாதம் வாங்கியிருந்தால் 3,600 ரூபாய். லேவியராகமம் 6 முதலோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்க்கச் சொல்கிறது: 720. ஆக 4,320. ஆயக்காரன் சகேயு நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காக, கொடுப்பதாகச் சொன்னான்; அப்படியானால் 14,400. ஐந்தில் ஒரு பங்கு இன்று கட்டாயம் என்று எல்லாச் சபையும் போதிப்பதில்லை, ஆனால் முதல் தொகையைத் திருப்பாமல் மனந்திரும்புதலைப் பற்றிப் பேச முடியாது. அதைக் காணிக்கைப் பெட்டியில் போட்டுச் சரிக்கட்டக் கூடாது. ஆள் கிடைக்கும்வரை பணம் அவருடையது. தேடியும் கிடைக்காதபோதுதான் ஏழைகளுக்குப் போக வேண்டும்.

மன்னிப்புக் கேட்பதற்கு மத்தேயு 5:23, 24 அவசரம் காட்டுகிறது: காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னேயே வைத்துவிட்டுப் போகச் சொல்கிறது. அடுத்த திருவிருந்துக்கோ நற்கருணைக்கோ முன்பு என்று கெடு வைத்துக்கொள்ளுங்கள். நேரில் போங்கள், முடியாவிட்டால் போன், வாட்ஸ்அப் கடைசி. திட்டியது பலர் முன்னால் என்றால் மன்னிப்பும் அவர்கள் முன்னால். செய்ததைச் சொல்லுங்கள், காரணம் சொல்லாதீர்கள்:

"அம்மா, போன வியாழக்கிழமை விருந்தாளிங்க முன்னாடி நான் உங்களைச் சத்தம் போட்டது தப்பு. அந்தத் தட்டு உடைஞ்சது உங்களால இல்ல. என்னை மன்னிச்சிடுங்க."

இதோடு நிறுத்த வேண்டும். 'கர்த்தர் எனக்கு உணர்த்தினார்' என்று சேர்த்தால் மன்னிப்பிலும் ஆவிக்குரிய மதிப்பெண் வாங்கப் பார்க்கிறோம். 'நீங்களும் கொஞ்சம் பார்த்து வேலை செஞ்சிருக்கலாம்' என்று சேர்த்தால் சொன்னது அத்தனையும் வீண். அவர் உடனே மன்னிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கவும் உரிமையில்லை. மனதுக்குள் மட்டும் நினைத்த கெட்ட எண்ணத்தை அந்த ஆளிடமே போய்ச் சொல்லாதீர்கள். உங்கள் பாரம் இறங்கும், அவருக்கு ஏறும். அது தேவனுக்கும், கத்தோலிக்கரானால் குருவானவரிடம் பாவ அறிக்கை செய்கிற ஒப்புரவு அருள்சாதனத்துக்கும் உரியது. அங்கே சாவான பாவங்களின் வகையையும் எண்ணிக்கையையும் சொல்ல வேண்டும், கதையை அல்ல. கணவர் செய்த பாவத்தை மனைவி அறிக்கையிடும் வழக்கமும் வேண்டாம்.

ஒரு நாத்தான்

ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பறித்த கதையைக் கேட்டு தாவீது ராஜா கொதித்தார், நாலத்தனை திருப்பித் தர வேண்டும் என்று தீர்ப்பும் சொன்னார். உரியாவைக் கொல்ல வைத்து அவர் மனைவியை எடுத்துக்கொண்ட விஷயத்தில் அதே மனச்சாட்சி மாதக்கணக்கில் தூங்கியது. கதையைச் சொன்ன தீர்க்கதரிசி நாத்தானே 'நீயே அந்த மனுஷன்' என்று சொல்ல வேண்டியிருந்தது (2 சாமுவேல் 12). அப்படி ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள். உங்களிடம் சம்பளம் வாங்காதவர், உங்களைக் கண்டு பயப்படாதவர், ரகசியம் காப்பவர். 1738-இல் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி தம் சிறு குழுக்களுக்கு எழுதிய விதிகளில், சேர வருகிறவரிடம், உங்கள் குறைகளைச் சொல்ல வேண்டுமென்று விரும்புகிறீர்களா என்று முன்கூட்டியே கேட்கச் சொன்னார். அந்த அனுமதியை நீங்களே கொடுக்க வேண்டும். வெஸ்லி வாரம் ஒருமுறை கூடச் சொன்னார்; மாதம் ஒருமுறை முக்கால் மணி நேரமாவது ஒதுக்குங்கள். அவர் குறை சொன்னால் 24 மணி நேரத்துக்கு மறுப்புச் சொல்வதில்லை என்று தீர்மானித்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு நாளில் மனதில் எழும் பதில்களே நல்ல சோதனைப் பொருள்.

'நான் ஒண்ணுமில்லாத பாவி, புழு' என்று மேடையில் சொல்பவர் உண்மையில் தாழ்மையுள்ளவரா என்பதும் இங்கே தெரிந்துவிடும். பொதுவாகப் பாவி என்று சொல்வது எளிது. 'செவ்வாய்க்கிழமை நீங்க சொன்ன கணக்கு தப்பு' என்று ஒருவர் சொல்லும்போது முகம் எப்படிப் போகிறது?

தாழ்மை என்று சொல்லக் கூடாதவை

அடிக்கிற கணவனிடம் 'தாழ்மையா இரும்மா, ஜெபம் பண்ணு' என்று பெண்ணைத் திருப்பி அனுப்புவது பாவம். அனுப்பிய போதகருக்கும் பெரியவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. சேவகன் அறைந்தபோது இயேசு, 'என்னை ஏன் அடிக்கிறாய்' என்று கேட்டார் (யோவான் 18:23). பிலிப்பியில் விசாரணையின்றி அடிக்கப்பட்ட பவுல், அதிகாரிகளே வந்து வெளியே அழைத்துப் போகட்டும் என்று சிறையிலேயே நின்றார். பெண்களுக்கான உதவி எண் 181. அதை ஆலய அறிவிப்புப் பலகையில் எழுதி வையுங்கள்.

மனச்சாட்சி புண்ணாகிவிட்டால்

1 தீமோத்தேயு 4 சூடுண்டு மரத்துப்போன மனச்சாட்சியைச் சொல்கிறது. நோட்டில் இரண்டு வாரமாக ஒரு வரியும் விழாதவருக்கு நாத்தான் தேவை. எதிர்ப்பக்கமும் உண்டு. அறிக்கையிட்ட பாவத்தையே திரும்பத் திரும்ப அறிக்கையிடுவது, ஜெபத்தில் ஒரு சொல் தவறியதென்று மறுபடி முதலிலிருந்து தொடங்குவது, நற்கருணை வாங்கத் தகுதியில்லை என்று மாதக்கணக்கில் ஒதுங்குவது, தூஷணமான எண்ணம் தானாக வந்ததற்குத் தண்டனை தேடுவது. இவை தாழ்மையின் ஆழம் என்று பாராட்டப்படுவதுண்டு. அப்படிப் பாராட்டுவது அவர்களை இன்னும் நோகடிக்கும்.

இத்தகையவர் மேலே சொன்ன நோட்டை உடனே நிறுத்த வேண்டும். மூன்றாம் படியை விட்டுவிட்டு, நன்றி மட்டும் 5 நிமிடம். அறிக்கைக்கு ஒரே குருவானவர் அல்லது போதகர். அவர் 'இது மன்னிக்கப்பட்டது, திரும்பச் சொல்லாதே' என்றால் அங்கே நிறுத்த வேண்டும், வேறொருவரிடம் போய்க் கேட்கக் கூடாது. பவுல் தமக்கு யாதொரு குற்றமும் தெரியவில்லை என்றும், அதனால் தாம் நீதிமானாகிவிடவில்லை என்றும் ஒரே மூச்சில் எழுதி, தீர்ப்பைக் கர்த்தரிடம் விட்டார் (1 கொரிந்தியர் 4:4). நம் இருதயமே நம்மைக் குற்றவாளியாகத் தீர்த்தாலும் தேவன் அதைவிடப் பெரியவர் என்கிறது 1 யோவான் 3:20.

தூக்கம், சாப்பாடு, வேலை கெடுகிற அளவுக்குப் போனால் இது மனச்சுழற்சி நோயாக (ஓ.சி.டி.) இருக்கலாம். அதற்கு மருந்தும் உளவியல் சிகிச்சையும் உண்டு. கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தில் புறநோயாளியாகப் பார்க்கலாம், அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலி மானஸில் தமிழிலேயே பேசலாம். மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், அந்தப் பேச்சை அவருடைய ஆத்தும சோதனைக்கு விட்டுவிட்டு நீங்கள் டோக்கன் வாங்குங்கள். நோட்டை மறுபடி எடுக்கலாமா என்பதை மருத்துவரும் அந்த ஒரே போதகரும் சொல்லட்டும்; எடுத்தாலும் வாரத்துக்கு ஒரு நாள், ஒரு வரியோடு தொடங்குங்கள்.